நாற்பத்தொன்றாம் ஆணி

கொல்லிமலையில், சோளக்காட்டில் பஸ் நிற்குமிடத்திலிருந்து கொஞ்சம் மேடேறினால் ஒரு சின்ன தர்ம ஆஸ்பத்திரி வரும். அதன் வாசல் சுவரில் ஒரு மரப்பலகை. பலகையில் அறுபது ஆணிகள். ஒவ்வோர் ஆணியிலும் எண் எழுதிய வட்டத் தகரம் ஒன்று தொங்கும். நாற்பத்தொன்றாவது ஆணி மட்டும் வெறுமையாக இருக்கும். அந்தப் பலகையை அங்கே கொண்டுவந்து மாட்டியவள் நான். நாற்பத்தொன்றைக் கழற்றியவர் சீட்டு அக்கா. அவர் போன மாதம் இறந்துவிட்டார். அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முகத்துக்கு முன்னால் அந்த ஆணிதான் வந்து நிற்கிறது.

நான் அங்கே போனபோது எம்.எஸ்சி. புள்ளியியல் கடைசி வருடம். அடிவாரத்தில் முள்ளுக்குறிச்சியில் எங்கள் அத்தா மிளகு வியாபாரம் செய்கிறார். மலைக்காரர்கள் எங்கள் கடைக்கு வருவார்கள், அவர்களுக்கு நான் 'பாய் ஊட்டுப் புள்ள'. எனக்கு அப்போது வரிசைக் கோட்பாட்டின் மேல் பைத்தியம். அடுத்த ஆள் எப்போது வருவார் என்று யாருக்கும் தெரியாது, உள்ளே போனவர் எப்போது வெளியே வருவார் என்றும் தெரியாது. ஆனால் அந்தத் தெரியாமைக்கே ஒரு வடிவம் உண்டு, அதைச் சமன்பாட்டில் எழுதிவிடலாம் என்று படித்த நாளிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. டீக்கடை, ரேஷன் கடை, கல்யாணப் பந்தி என்று எங்கே கூட்டம் நின்றாலும் கடிகாரத்தைப் பார்ப்பேன். ப்ராஜெக்ட்டுக்கு இடம் தேடியபோது, செவ்வாயும் வெள்ளியும் ஒரே ஒரு டாக்டர் கீழிருந்து வந்து ஒன்பது மணி முதல் ஒரு மணி வரை பார்த்துவிட்டு இறங்கிப்போகும் இந்த ஆஸ்பத்திரி கிடைத்தது. ஒரு டாக்டர், ஒரு வரிசை. பாடப்புத்தகத்தின் முதல் அத்தியாயமே எழுந்து வந்து நிற்பது போல இருந்தது.

அந்த வரிசையை நடத்தியவர் சீட்டு அக்கா. பெயர் எழுதி சீட்டுக் கொடுப்பவர் என்பதால் அந்தப் பெயர். நாற்பத்தைந்து வயதிருக்கும். இடுப்பில் சுருக்குப்பை, காதில் செருகிய பேனா. மலையில் வரிசையில் ஆள் நிற்காது, பொருள்தான் நிற்கும். விடிந்ததும் வந்தவர்கள் ஒரு குடை, ஒரு மஞ்சப்பை, ஒற்றைச் செருப்பு என்று எதையாவது வராந்தாவில் வைத்துவிட்டு வெயிலில் போய் உட்கார்ந்துகொள்வார்கள். ஒன்பதரைக்குத் தூரத்து ஊர்களின் பஸ் வரும். அக்கா அதிலிருந்து இறங்கியவர்களிடம் நோயைக் கேட்கமாட்டார். "எந்த பஸ்ஸுக்குத் திரும்போணும்?" என்றுதான் கேட்பார். பெரும்பாலும் பன்னிரண்டரை பஸ். அதை விட்டால் சாயங்காலம்வரை ஒன்றும் கிடையாது, அதில் போய் இறங்கினால் அதற்கப்பால் காட்டுவழியில் நடக்க வெளிச்சம் இருக்காது. அக்கா குனிந்து, ஒரு குடையை எடுத்து நாலு பைகளுக்கு முன்னால் வைப்பார். அவ்வளவுதான்.

சண்டை வரும். வாசலூர்பட்டி படகுத்துறைப் பக்கத்திலிருந்து நடந்தே வந்த ஒருவர் ஒருநாள் எகிறினார். "ஏனுங்க, என்ற செருப்பு ஏழு மணியிலருந்து இங்க நிக்குது. ஒம்பதரைக்கு வந்த கொடை முன்னால போவுது. செருப்புன்னா அத்தன எளக்காரமா?"

அக்கா நிமிராமலே சொன்னார். "உங்க செருப்புக்கு நடக்கத் தெரியுமுங்க. அந்தக் கொடை பஸ்ஸுலதான் போவோணும்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. நோட்டில் 'பாரபட்சம்' என்று எழுதிக்கொண்டேன். யாரை முன்னால் விட்டாலும் எல்லோருடைய காத்திருப்பின் சராசரி மாறாது, வந்த வரிசைப்படியே விட்டால் ஆளுக்காள் உள்ள ஏற்றத்தாழ்வு குறையும். இது நிரூபித்த சங்கதி. நான் அதை டாக்டருக்கும், ஆஸ்பத்திரியை நடத்துகிறவர்களுக்கும் மூன்று பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். அத்தாவிடம் கெஞ்சி, தெரிந்த தச்சரிடம் பலகை செய்து வாங்கினேன். தகரம் வெட்டி எண் எழுதியதும் நான்தான். டாக்டரைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் டோக்கனைத் திருப்பித் தர வேண்டும், அடுத்த முறைக்கு அதே தகரம். 'எந்தக் காரணத்துக்காகவும் எண் மாற்றப்படமாட்டாது' என்று ஒரு அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டினேன். எண் கூப்பிட ஒரு பையன் போதும் என்றானதும் அக்காவைப் பின்பக்கம் துணி துவைக்க அனுப்பிவிட்டார்கள். அது நான் கேட்டதல்ல. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

அவர் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. அவ்வப்போது ஈரக் கையோடு வந்து என் நோட்டை எட்டிப் பார்ப்பார். வந்த நேரம், உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம் என்று மூன்று கட்டங்கள். "ஏங்கண்ணு, பாக்காமலே போனவங்கள எதுல எழுதற?" என்று ஒருநாள் கேட்டார். "அந்த வரி முழுசா இருக்காதுங்க அக்கா. அடிச்சிருவேன், கணக்குல சேராது" என்றேன். "சேராதா" என்றார். கேள்வியா பதிலா என்று தெரியாத குரலில் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அந்த வாரம்தான் மிளகு பறிக்கிறவர் ஒருவர் வந்தார். சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாத்திக் கொடியிலிருந்து மிளகு பறிப்பவர். ஏணி சறுக்கிப் பாதத்தில் கிழித்திருந்தது. சர்க்கரை வேறு. பஸ்ஸில் வந்தவருக்கு நாற்பத்தொன்று கிடைத்தது. பன்னிரண்டரைக்கு ஹாரன் அடித்தபோது உள்ளே முப்பத்திரண்டு. அவர் எழுந்து போய்விட்டார், டோக்கனோடு.

வெள்ளிக்கிழமை வந்தபோது நேராக வாசலருகே போய் உட்கார்ந்தார். நாற்பதாம் எண் வெளியே வந்ததும் கைக்குட்டையை அவிழ்த்து டோக்கனை நீட்டினார். பையன் விழித்தான். நான்தான் ஓடிப்போய் விளக்கினேன்.

"இது செவ்வாக்கெழம டோக்கனுங்க. இன்னிக்குப் புதுசு வாங்கோணும்."

"நம்பரு என்றதுதானுங்க அம்மிணி. பத்திரமா வெச்சிருந்து எடுத்தாந்திருக்கறன். தொலைக்கலீங்க."

ஒருமுறை கொடுத்த இடம் கொடுத்ததுதான், எத்தனை நாளானாலும் அது அவருக்காகக் காத்திருக்கும் என்று அவர் நம்பியிருந்தார். நான் பொறுமையாகப் பேசினேன், அதில் எனக்குப் பெருமைகூட. காணாமல் போன டோக்கன் கிடைத்ததே என்ற சந்தோஷத்தோடு அதை ஆணியில் மாட்டிவிட்டு, ஐம்பத்தேழை எடுத்துக் கொடுத்தேன். அவர் அதை வாங்கிக்கொண்டு போய்ப் பின்னால் உட்கார்ந்தார். அரை மணியில் ஹாரன் கேட்டது. இந்த முறை விவரமாக, ஐம்பத்தேழை என் கையில் கொடுத்துவிட்டு, "வாரனுங்க அம்மிணி" என்று நொண்டியபடி போனார். நோட்டில் அவருடைய இரண்டு வரிகளையும் அடித்தேன். ஸ்கேல் வைத்து, நேராக.

ஒரு மாதக் கணக்கு முடிந்தது. சராசரிக் காத்திருப்பு நன்றாகக் குறைந்திருந்தது. துறையில் கைதட்டினார்கள். வரிசையை மாற்றினால் சராசரி மாறாது என்று முதல் பக்கத்தில் எழுதியவள் நான். கடைசிப் பக்கத்தில் சராசரி குறைந்ததைக் கொண்டாடியவளும் நான். மாறக்கூடாதது எப்படி மாறியது என்று எனக்குத் தோன்றவே இல்லை. பதில் அடித்த வரிகளில் இருந்தது. அதிக நேரம் காத்திருந்தவர்கள் பார்க்காமலே போய்விட்டார்கள், நான் அவர்களை எடுத்துவிட்டு மீதிப்பேரை எண்ணியிருக்கிறேன். வரிசை வேகமாக நகரவில்லை. ஆட்கள் குறைந்தார்கள்.

பைண்டு செய்த புத்தகமும் இனிப்புமாக மலையேறினேன். அக்கா பின்பக்கம் போர்வையைப் பிழிந்துகொண்டிருந்தார். இனிப்பை எடுக்கவில்லை.

"அந்த மொளகுக்காரரு நேத்து வந்திருந்தாருங்கண்ணு. காலு கருத்துப்போச்சு. கீழ பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புனாங்க. மொழங்காலுக்குக் கீழ எடுக்கோணுமாம்."

என்ன சொன்னேன் என்று நினைவில்லை. ஏதோ சர்க்கரையைப் பற்றிச் சொல்லியிருப்பேன். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு முன்பக்கம் வந்தார். பலகையிலிருந்து நாற்பத்தொன்றைக் கழற்றிச் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டார். "இது ஒருத்தருக்குக் குடுத்தாச்சு. இன்னொருத்தருக்குக் குடுக்க முடியாது" என்றார். என்னைத் திட்டியிருந்தால் தேவலை. திரும்பிப் போய் அடுத்த போர்வையை எடுத்தார்.

எனக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. போனில் காத்திருப்பவர்களின் வரிசையைக் கணக்கிடும் வேலை. அந்தப் ப்ராஜெக்ட்டைக் காட்டித்தான் கிடைத்தது. இப்போது இடையில் போனை வைத்துவிடுகிறவர்களை முதலில் எண்ணுகிறேன். கேட்கிறவர்கள், "நல்லா யோசிக்கறீங்க" என்கிறார்கள்.

போன மாதம் அக்காவின் வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போனேன். அவர் மகள், "சுருக்குப்பையில ஒரு தகரம் இருந்துச்சுங்க. என்னன்னு தெரியல. எப்பவும் வெச்சிருப்பாங்கன்னு கூடவே வெச்சு அடக்கம் பண்ணிட்டமுங்க" என்றார். நான் தலையாட்டினேன்.

அன்று செவ்வாய்க்கிழமை. ஆஸ்பத்திரி பக்கம்தான். வராந்தாவில் உட்கார வேண்டும் போலிருந்தது. தலைவலி என்று சொல்லி ஒரு டோக்கன் வாங்கினேன். நாற்பத்திரண்டு. வேறு பையன். "நாப்பத்தொண்ணு எங்க தம்பி?" என்று கேட்டேன். "அது மொதல்லருந்தே இல்லீங்க" என்றான்.

எனக்கு அடுத்து ஒரு பெண், மடியில் காய்ச்சலில் துவண்ட ஒரு குழந்தை. பன்னிரண்டே கால் ஆகியிருந்தது. அவள் ரோட்டையே பார்ப்பதைக் கண்டு, "எந்த பஸ்ஸுக்குத் திரும்போணுமுங்க?" என்றேன். கேட்ட பிறகுதான் அது யாருடைய கேள்வி என்று உறைத்தது.

"பன்னண்டரைங்க."

"எனக்கு ஒண்ணுமில்லீங்க. நீங்க முன்னால போங்க."

அவள் எழவில்லை. "நம்பரு வரட்டுங்க. முன்னால போனா பேசுவாங்க." பையனும் சுவரைக் காட்டினான். வெயிலில் வெளிறிய என் கையெழுத்து. எந்தக் காரணத்துக்காகவும்.

டோக்கனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்து போயிருக்கலாம். அது எனக்குப் பிறகுதான் தோன்றியது. நாற்பது வெளியே வந்தார். சீக்கிரம் முடித்தால் சரி என்று உள்ளே ஓடினேன். டாக்டர் புதியவர், நல்லவர். அவசரமில்லாமல் பிரஷர் பார்த்தார், தூக்கம் வருகிறதா என்று கேட்டார். வெளியே ஹாரன் கேட்டது.

நான் வந்தபோது பெஞ்சில் அந்த இடம் காலி. பையன், "நாப்பத்தி மூணு, நாப்பத்தி மூணு" என்று இரண்டு முறை கூப்பிட்டுவிட்டு நாற்பத்துநாலுக்குப் போனான். ஒரு மணிக்கு, மற்றவர்களின் டோக்கன்கள் பலகைக்குத் திரும்பிய பிறகு, என் டோக்கனை நானே அதன் ஆணியில் மாட்டினேன். இடப்பக்கம் ஓர் ஆணி வெறுமை. வலப்பக்கம் ஓர் ஆணி வெறுமை.