மேசைமேல் விரித்த ஆட்டுத்தோல்

தோல் பதனிடும் ஷாப்பை மூடிய அன்று முதலாளி எங்களையெல்லாம் சுண்ணாம்புத் தொட்டிக்குப் பக்கத்தில் கூப்பிட்டுச் சொன்னார். "சீமையில சரக்கு எடுக்க ஆள் இல்ல. ரொம்ப பேஜாராப் போச்சு. வேற எங்கனா பாத்துக்கோங்க."

ஆம்பூரில் பதினெட்டு வருஷம் அவருடைய இங்கிலீஷ் கடிதங்களை எழுதியவன் நான். தோலைத் தடவித் தரம் சொல்லவும் அங்கேதான் கற்றேன். வயது நாற்பத்து மூன்று. புறப்படும்போது முதலாளி ஓர் ஆட்டுத்தோலைச் சுருட்டிக் கையில் கொடுத்தார். ஒரு கீறல் இல்லாத தோல். என் மெட்ரிகுலேஷன் சர்ட்டிபிகேட்டையும் அவர் தந்த நன்னடத்தைக் கடிதத்தையும் அதிலேயே சுற்றி வைத்துக்கொண்டேன்.

முதல் மூன்று மாதம் தோல் ஷாப்புகளையே சுற்றினேன். எனக்கு வேறு உலகம் தெரியாது. மேல்விஷாரத்தில் ஒரு காவல்காரர், "உள்ள இருக்கிறவங்களையே வெளிய அனுப்புறாங்க. நீ இன்னா, உள்ள வர்றேன்ற?" என்று சிரித்தார்.

மகள் அப்போது எட்டாம் வகுப்பு. அதை முடித்துவிட்டால் வேலூரில் உபாத்தியாயினிப் பயிற்சிக்குச் சேர்த்துக்கொள்வார்கள் என்று அவள் பள்ளியில் சொல்லியிருந்தார்கள். எனக்கு வேலை கிடைத்தால்தான் அவள் வகுப்பை முடிப்பாள். இதை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவள்தான் ஒரு நாள் கேட்டாள்.

"ஏன் நைனா, தோல் ஷாப்புல மட்டுந்தான் கடுதாசி எழுதுறாங்களா? ரயிலு, கோர்ட்டு, பள்ளிக்கூடம், இவங்களுக்கெல்லாம் ஆள் வேணாமா?"

அதன்பிறகு நான் வேலைக்கு மனு எழுத, அவள் தன் குண்டு எழுத்தில் பிரதி எடுத்தாள். ரயில்வேயில் வயது அதிகம் என்றார்கள். கோர்ட்டில் ஒரு வக்கீல் குமாஸ்தா என் சட்டையை முகர்ந்துவிட்டு, "தோல் ஊறவைக்கிற ஆவாரம்பட்டை வாசனை இன்னும் போவலியே" என்றார். வேலூரில் ஒரு பள்ளிக்கூடக் கமிட்டி மட்டும் எழுத்தர் வேலைக்கு நேரில் வரச் சொன்னது.

கமிட்டித் தலைவர் இரண்டு கேள்வி கேட்டார். பதில் நன்றாகவே வந்தது. "சர்ட்டிபிகேட்டைக் காட்டுங்கோ" என்றார்.

தோல் ஷாப்பில் ஒரு பழக்கம் உண்டு. வாங்க வருகிறவர் முன்னால் தோலை மேசைமேல் விரித்து, உள்ளங்கையால் ஒரு தரம் நீவிவிட்ட பிறகுதான் பேச்சு. பதினெட்டு வருஷக் கை. சர்ட்டிபிகேட்டை எடுத்துக் கொடுத்திருந்தால் போதும். நான் தோலை அவர் மேசைமேல் முழுக்க விரித்தேன். நீவியும் விட்டேன். பூ வைத்த சரஸ்வதி படம் அதே மேசையில் ஒரு முழம் தள்ளி இருந்தது.

அவர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். "அதை எடுத்துக் கீழே வையும். மேசையை அலம்பச் சொல்லணும்."

சர்ட்டிபிகேட்டை அவர் தொடவில்லை. வெளியே வந்தபோது வாசலில் அவருடைய செருப்பு கிடந்தது. குனிந்து பார்த்தேன். மேல்வார் நயமான ஆட்டுத்தோல்.

வீட்டில் சொன்னதும் மகள், "அத்த எதுக்கு நைனா விரிச்ச?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை.

கடைசியில் பேரணாம்பட்டில் ஒரு பீடிக் கம்பெனி. பெண்கள் வீட்டில் சுற்றிக் கொண்டுவரும் பீடியைப் பார்த்து, மட்டமானதைக் கழிக்கிற வேலை. கம்பெனி முதலாளி என் விரல்களைப் பார்த்தார்.

"தோலப் பார்த்த கைக்கு பீடி ஜாஸ்தி கஷ்டமில்ல. வந்து சேரு. ஆனா எனக்கு சுத்துற கை கம்மி. இங்க உள்ள உக்கார்றவன் வூட்லேர்ந்து ஒரு கை வரணும், அதான் இங்க வழக்கம். யார் இருக்கா?"

மனைவிக்குக் கண் மங்கல், பீடி சுற்ற முடியாது. அது அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். பெண் பள்ளிக்கூடம் போகிறது என்று சொல்ல நேரம் இருந்தது. அவர் வெற்றிலை மடித்து வாயில் போடும்வரை காத்திருந்தார்.

"பொண்ணு இருக்கா" என்றேன்.

அவள் அழவில்லை. குடும்பத்தோடு பேரணாம்பட்டுக்குப் போனோம். புத்தகங்களைப் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டு வந்தாள். பத்தாம் நாள் அவள் சுற்றிய முதல் கட்டுகள் என் மேசைக்கு வந்தன. முதலாளி பின்னால் நின்றிருந்தார். ஏழு பீடி தளர்ச்சி. ஏழையும் அவள் கண்ணெதிரே ஒடித்துக் கூடையில் போட்டேன். மற்றவர்களுடையதாக இருந்தால் நாலைத்தான் கழித்திருப்பேன்.

வீட்டுக்கு வந்ததும், "நீ ஒடிச்சது சரிதான் நைனா, அது லூசாத்தான் இருந்துச்சு" என்றாள். பிறகு, "அந்தத் தோலைக் குடு. முறத்துக்கு அடியில மடியில போட்டுக்கறேன். பொகயிலத் தூள் பாவாடையில ஒட்டுது" என்றாள்.

சர்ட்டிபிகேட்டையும் கடிதத்தையும் வெளியே எடுத்துவிட்டுக் கொடுத்தேன். அவள் தோலை மடியில் விரித்து, என்னைப் போலவே உள்ளங்கையால் ஒரு தரம் நீவினாள்.