அம்மா மிதித்த கிளட்ச்

நேற்று என் பேரன் காரின் கிளட்சுக்குப் புது சிலிண்டர் மாட்டினான். மிதித்த பெடல் மேலே எழும்பவில்லை. குழாயில் காற்று நிற்கிறது என்று சொல்லி, காருக்கு அடியில் படுத்துக்கொண்டு, "மிதி" என்றான். அவன் பெண்டாட்டி மிதித்தாள். குழாயிலிருந்து காற்றோடு கசிந்த எண்ணெய் வாடை என்னைப் பத்து வயசுக்குக் கொண்டுபோய்விட்டது.

அப்போது தென்காசியில் அப்பா வாடகைக் கார் ஓட்டினார். அன்று பண்பொழி மலைக்கோயிலில் என் தாய்மாமாவுக்குக் கல்யாணம். நாத்தனார் முடிச்சுப் போட வேண்டியவள் அம்மா. கிளம்புகிற நேரத்தில், அப்பா முந்தின நாள் சிலிண்டர் மாற்றிய கார் இதே மாதிரி மக்கர் பண்ணியது.

அப்பா அடியில் படுத்து, "ஏட்டி, நல்லா அமுக்கு" என்று கத்தினார். பெடல் பாதிதான் இறங்கியது. எட்டிப் பார்த்தேன். பட்டுச்சேலையோடு குனிந்து அம்மா கையால் அமுக்கிக்கொண்டிருந்தாள்.

"அப்பா, அம்மா கையால அமுக்குதா!"

"ஏன், காலுக்கு என்ன?"

"கீழ நீங்கல்லா படுத்திருக்கிய. புருசன் தலைக்கு மேல கால் வைக்கவா?" என்றாள் அம்மா.

"அப்பம் நாத்தனார் முடிச்ச வேற யாராவது போடட்டும்" என்றார் அப்பா.

அவ்வளவுதான். அம்மா சீட்டில் ஏறினாள். பெடலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஓங்கி மிதித்தாள். காற்று குமிழ் குமிழாக வெளியேறியது. பத்துப் பன்னிரண்டு மிதியில் பெடல் தானாக எழும்பியது.

"இம்புட்டுப் பலத்த எங்கன வச்சிருந்த?" என்றார் அப்பா.

"கல்யாணம் ஆன நாள்லேருந்து சேத்து வச்சேன்."

முகூர்த்தத்துக்கு முன்னாலேயே மலைப்படி ஏறிவிட்டோம். அம்மா முடிச்சை இறுக்கிய இறுக்கில், "மதினி, மெதுவா!" என்று மணப்பெண்ணே கத்திவிட்டாள்.

பேரன் பெண்டாட்டியிடம், "இன்னும் ஓங்கி மிதி தாயி" என்றேன்.