கீரிக்குக் கட்டிய கூண்டு

எங்கள் கோழிகளில் இரண்டைக் கீரி கொண்டுபோய்விட்டது. மிச்சம் நான்கு.

"இன்னொண்ணு போச்சுன்னா மிச்சத்த வித்துடலாம் மாமா" என்று மருமகள் சொல்லிவிட்டாள்.

எனக்கு விற்க மனமில்லை. விரல்கூட நுழையாத கம்பி வலை வாங்கிக் கூண்டு கட்டினேன். கீரி மண்ணைப் பறித்து வராதபடி வலையை ஒரு முழம் பூமிக்குள் இறக்கினேன். கதவைச் சாத்தினால் தானே விழுகிற கொக்கியை வெளிப்பக்கம் வைத்தேன்.

இன்று காலை தண்ணீர்ச் சட்டி வைக்க உள்ளே போனேன். காற்றில் கதவு சாத்திக்கொண்டது. கொக்கி விழுந்தது. எடுக்கப் பார்த்தேன், விரல் நுழையவில்லை.

இரும்பு ஆலையில் நைட் ஷிப்ட் முடித்து வந்த பக்கத்து வீட்டுக்காரன் நின்று பார்த்தான்.

"இன்னா நைனா, இன்னிக்கு முட்டை நீதான் போடப் போறியா?"

திறந்துவிடாமல் மருமகளைக் கூப்பிட்டான். "அக்கா, ஓடியா! கூண்டுல பெரிய சேவல் மாட்டிக்கினு கீது!"

அவள் வந்தாள். "இன்னா மாமா, கோழிங்க வெளிய மேயுது, நீங்க உள்ள குந்திக்கினு இருக்கீங்க?"

"என்னாலயே வெளிய வர முடியலம்மா. கீரி எப்படி உள்ள வரும்?"

வலையை இழுத்துப் பார்த்தாள். கதவை உதைத்தும் பார்த்தாள். "செரி, கோழிங்க இருக்கட்டும்" என்ற பிறகுதான் கொக்கியை எடுத்தாள்.

இதைப் போனில் எழுத்துக்கூட்டித் தட்டி முடிப்பதற்குள் பொழுது சாய்ந்து, நான்கும் கூண்டில் அடைந்துவிட்டன.

கூண்டைச் சோதிக்க உங்கள் பக்கம் வேறு வழி இருந்தால் எழுதுங்கள். எனக்கு இதுவே வசதியாக இருந்தது.