இளநீரில் நான் கலந்தது

என் மனைவிக்குத் தெரியாமல் அவள் குடித்த இளநீரில் மருந்து கலந்தவன் நான். அவள் உயிர் ஊசலாடிய நேரத்தில், டாக்டர் நேருக்கு நேராகக் கேட்டும் உண்மையைச் சொல்லாமல் நின்றவன் நான். பழியைத் தூக்கி அவளுடைய தங்கையின் தலையில் போட்டவனும் நானே!

சொல்லிவிட்டேன். இனி என்னை என்னவென்று வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பாதியில் எழுந்து போய்விடாதீர்கள். உங்கள் வீட்டு அலமாரியிலும் அந்த மருந்து பாட்டில் இருக்கலாம்...

நான் ஐந்தாம் வகுப்போடு படிப்புக்கு முழுக்குப் போட்டவன். சாயப்பட்டறையில் நூல் அலசிய கை இது. பிறகு தறி ஓட்டினேன். பிறகு தறி வாங்கினேன். இன்று சோமனூரில் என் தறிச் சத்தம் கேட்காத தெரு கிடையாது. தாராபுரத்தில் அமராவதிக் கரையோரம் எனக்குத் தென்னந்தோப்பு இருக்கிறது. பட்டம் படித்தவர்கள் என் எதிரில் நின்று பதில் சொல்கிறார்கள். இதில் எதையும் எவனும் எனக்குத் தூக்கிக் கொடுக்கவில்லை. எவனையும் நம்பாததால் வந்தது என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

நூல்காரன் நிறுத்துக் கொடுத்ததை என் தராசில் மறுபடியும் நிறுப்பேன். டிரைவர் டீசல் போட்டு வந்தால் முள்ளைப் போய்ப் பார்ப்பேன். "அப்பா கோயல்ல குடுக்கற துண்ணூறக்கூட மோந்து பாத்துப்போட்டுத்தான் பூசுவாரு" என்று என் மகன் விருந்தாளிகளிடம் சொல்லிச் சிரிப்பான். நானும் சிரிப்பேன். எனக்கு அது பாராட்டு!

அப்படிப்பட்டவனுக்குச் சிறுநீரகத்தில் கல் வந்தது. தறிக்கூடத்துப் புழுக்கத்தில் காலமெல்லாம் நின்று, தண்ணீர் குடிக்க மறந்த உடம்பு. கூடவே கால் கட்டைவிரல் வீங்கி, போர்வை பட்டால்கூட உயிர் போகிற வலி. கோயமுத்தூரில் ஒரு பெண் டாக்டரிடம் போனேன்.

"ஏனுங்கய்யா, உங்களுக்கு யூரிக் ஆசிட் அதிகமுங்க. வெரல் வலிக்கும் அதுதான் காரணம், கல்லுக்கும் அதுதான் காரணம். சிறுநீர்ல அமிலம் ரொம்ப இருந்தா அது உறைஞ்சு கல்லாயிரும். இந்த சிரப்பு அமிலத்தக் குறைக்கும், கல்லு மெல்லமாக் கரையும். சாப்பிட்டதுக்கப்புறம், இந்த மூடி அளவு ஊத்தி, ஒரு டம்ளர் தண்ணியில கலந்து குடிங்க. அப்படியே வாயில ஊத்திக்காதீங்க."

"செரிங்க."

"இதுல பொட்டாசியம் இருக்குதுங்க. கிட்னி நல்லா வேலை செஞ்சா மிச்சத்த வெளிய தள்ளிரும். இல்லாட்டி ரத்தத்துல தங்கி நெஞ்சையே நிறுத்திப்போடும். அதனால நான் சொல்றப்பல்லாம் ரத்தம் பாக்கோணும். இளநியக் கொறச்சுக்குங்க. முக்கியமா, உங்களுக்குக் குடுத்தத வேற ஆருக்கும் குடுத்துறாதீங்க."

எவ்வளவு தெளிவாகச் சொன்னார், பாருங்கள்! ஒரு சொல் கூட எனக்குப் புரியாமல் இல்லை. புரிந்தும் நான் என்ன செய்தேன்? சந்தேகப்பட்டேன்.

ரத்தம் பார்க்கிற இடம் அதே கட்டடத்தில் கீழே இருந்தது. ஆகா, இங்கேதான் இருக்கிறதா சங்கதி என்று நினைத்தேன். மேலே எழுதுகிறார், கீழே எடுக்கிறார்கள், நடுவில் என் பணம்! தென்னந்தோப்பு வைத்திருப்பவனைப் பார்த்து இளநீரைக் குறை என்கிறாரே, இதில் என்ன சூது என்று கூட யோசித்தேன். இன்று நினைத்தால் சிரிப்பு வருகிறது... சிரிப்பா அது?

சிறுநீரின் அமிலத்தைப் பார்க்க அவர் ஒரு தாள் கொடுத்தார். நனைத்தால் நிறம் மாறும் தாள். அதைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. சாயத் தொட்டியில் அமிலமா காரமா என்று பார்க்க இதே ஜாதித் தாளைத்தானே சின்ன வயதிலிருந்து நனைத்தேன்! நிறத்தைப் பார்த்ததும் தொட்டிக்கு என்ன வேண்டும் என்று சொன்னவனாயிற்றே! எனக்கா இந்த அம்மா பாடம் எடுப்பது?

தினமும் தாளை நனைத்தேன். நிறம் சரியாக இருந்தது. நிறம் சரி என்றால் எல்லாம் சரி. கீழே ரத்தம் கொடுக்கப் போவதையே விட்டுவிட்டேன். தொட்டித் தண்ணீர் வேறு, உடம்பில் ஓடும் ரத்தம் வேறு என்பது என் மண்டையில் ஏறவில்லை. சிறுநீர் எப்படி இருக்கிறது என்றுதான் அந்தத் தாள் சொல்லும். ரத்தத்தில் பொட்டாசியம் எவ்வளவு என்று அதற்கு எப்படித் தெரியும்?

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகாமல் போனதுதான் கேடு! கல் கரைந்தது. கல்யாண வீடு, காரிய வீடு எல்லாவற்றிலும் மருத்துவம் பேச ஆரம்பித்தேன். "டாக்டருக்கு என்னங்க தெரியும், ஒரு தாளு இருந்தாப் போதுமுங்க" என்பேன். நாலு பேர் தலையாட்டினார்கள்.

அப்போதுதான் சரஸ்வதிக்குக் கால் விரல் வீங்கியது.

சரஸ்வதி என் மனைவி. நான் பட்டறையில் கூலிக்கு நின்ற காலத்திலிருந்து என்னோடு இருப்பவள். ரத்தக்கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறாள். சர்க்கரையும் உண்டு. சிறுநீரகம் கொஞ்சம் சோர்ந்திருக்கிறது, எந்த மருந்தானாலும் கேட்டுவிட்டுச் சாப்பிடு என்று அவளிடம் அதே டாக்டர் சொல்லியிருந்தார். அவள் கேட்டு நடப்பவள்.

"ஏனுங்க, கோயமுத்தூரு போயிட்டு வந்துரலாமுங்க. நடக்க முடியல."

"எதுக்கு? எனக்கு வந்ததுதான் உனக்கும். சிரப்பு ஊட்லயே இருக்குது. குடி."

"அது உங்களுக்குக் குடுத்ததுங்களே. எனக்குக் கொதிப்பு மாத்தரை வேற ஓடுது. கேக்காமக் குடிக்க மாட்டனுங்க."

"நான் சொல்றத விட அந்தம்மா சொல்றது உனக்குப் பெருசாப் போச்சா?"

"காலு என்னுதுங்களே" என்றாள் அவள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

எனக்குச் சுருக்கென்றது. ஊரே கேட்கிற என் பேச்சை வீட்டில் ஒருத்தி தட்டுகிறாள்! இப்போது கூட்டிப் போனால் படுக்க வைத்து விடுவார்கள், ஒன்றுக்குப் பத்தாக எழுதுவார்கள் என்ற சந்தேகம் வேறு. "அடுத்த வாரம் போலாம்" என்று தள்ளினேன். அன்று மத்தியானம் நானே இளநீர் வெட்டி, டம்ளரில் ஊற்றி, அதில் சிரப்பைக் கலந்து கொண்டுபோய்க் கொடுத்தேன். அவளுக்காக நான் இளநீர் வெட்டியதே அபூர்வம். அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்!

"ஏனுங்க, கரிக்குதுங்க."

"தாராபுரத்துக் காயி அப்படித்தான். அந்தத் தண்ணிவாகு. குடி."

குடித்தாள். என்னை நம்பிக் குடித்தாள். மறுநாளும் குடித்தாள். அதற்கு மறுநாளும்... பொட்டாசியம் உள்ள மருந்தைப் பொட்டாசியம் உள்ள இளநீரில் கலந்து, பொட்டாசியத்தை உடம்பில் பிடித்து வைக்கிற கொதிப்பு மாத்திரை சாப்பிடுகிறவளுக்குக் கொடுத்திருக்கிறேன்! விஷம் வைக்க வேண்டும் என்று எண்ணியவனுக்குக் கூட இவ்வளவு பொருத்தமாக அமைந்திருக்காது.

விரல் வீக்கம் கொஞ்சம் வடிந்தது. நான் மீசையைத் தடவிக்கொண்டேன். அது தானாகவே வடிகிற வீக்கம் என்றும், வீங்கிய நேரத்து வலிக்கு அந்த சிரப் மருந்தே இல்லை என்றும் பின்னால்தான் தெரிந்தது.

அந்த வாரம் அவள் தங்கை தங்கமணி கோபிச்செட்டிபாளையத்திலிருந்து வந்தாள். அவர்கள் வாழை வைத்திருக்கிறார்கள். அக்கா வீட்டுக்கு அவள் வெறுங்கையோடு வந்ததே இல்லை. அன்று வாழைத்தண்டுச் சாறு பிழிந்து கொண்டுவந்திருந்தாள்.

"அக்கா, மாமனாட்டம் உனக்கும் கல்லு வந்துறாம இருக்கோணும். ஒரே ஒரு டம்ளரு குடி" என்று அக்காவுக்கு ஊட்டிவிடாத குறையாகக் கொடுத்தாள். என்னைப் பார்த்து, "மாமா, நீங்களும் குடிங்க. மோந்து பாத்துப்போட்டே குடிங்க, நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்" என்று சிரித்தாள்.

மறுநாள் காலை சரஸ்வதியால் எழுந்திருக்க முடியவில்லை. "காலு மரத்துக் கெடக்குதுங்க... நெஞ்சு என்னமோ பண்ணுதுங்க" என்றாள். அப்படியே சாய்ந்தாள். மகன் காரை எடுத்தான்.

ஆஸ்பத்திரியில் நெஞ்சுக்கு ஒயர் மாட்டினார்கள். பெட்டியில் ஓடிய கோட்டைப் பார்த்ததும் அந்த டாக்டரின் முகம் மாறியது. அதே பெண் டாக்டர்தான்.

"பொட்டாசியம் எக்கச்சக்கமா ஏறியிருக்குது. எப்படி இவ்வளவு ஏறுச்சு? வேற ஏதாச்சும் மருந்து குடுத்தீங்களா? உங்க சிரப்ப இவங்க குடிச்சாங்களா? சொல்லுங்கய்யா. இன்னும் எவ்வளவு ஏறும்னு எனக்குத் தெரிஞ்சாகோணும்!"

என்னை நேராகப் பார்த்து, என் மருந்தைச் சொல்லிக் கேட்கிறார்! "ஆமாம்" என்ற ஒரு சொல் போதும். அது என் நாக்கில்தான் இருந்தது.

ஏன் சொல்லவில்லை? நானே என்னை எத்தனை முறை கேட்டுவிட்டேன்! வழக்குப் போட்டு விடுவார்கள் என்ற சந்தேகமா? இருந்தது. அந்த நேரத்திலும் இருந்தது, சீ! ஆனால் அது மட்டும் இல்லை. நாலு பேரிடம் நான் அடித்த பெருமை... அந்த அம்மாவின் எதிரில், என் மகனின் எதிரில், ஒன்றும் தெரியாதவனாக நிற்க வேண்டுமே என்ற கூச்சம். மனைவியின் உயிரை ஒரு பக்கமும் என் மீசையை இன்னொரு பக்கமும் வைத்தேன். எது கனத்தது என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது.

"அதெல்லாம் இல்லீங்க" என்றேன். "எங்க கொழுந்தியா நேத்து என்னமோ சாறு கொண்டாந்து குடுத்தாளுங்க. அதுதான் எனக்குச் சந்தேகம்."

சந்தேகம்! எந்தச் சொல்லை வைத்துப் பிழைத்தேனோ, அதே சொல்லை எடுத்து வீசினேன்.

தங்கமணி அங்கேயே நின்றிருந்தாள். அவள் முகத்தை நான் எப்படிச் சொல்வேன்...

"மாமா... ஒரு டம்ளருதானுங்களே குடுத்தேன். நானே எங்கக்காளக் கொல்லுவனுங்களா?"

அந்தச் சாற்றிலும் பொட்டாசியம் உண்டு என்று டாக்டர் சொன்னார். ஒரு டம்ளரில் இவ்வளவு ஏறாது என்றும் சொன்னார். முதலில் சொன்னது எல்லாருக்கும் கேட்டது. இரண்டாவது சொன்னதை நான் மட்டும்தான் கேட்டேன்.

ஊசி போட்டார்கள், ரத்தத்தைச் சுத்தம் செய்தார்கள். சரஸ்வதி பிழைத்தாள். ஆனால் சோர்ந்திருந்த சிறுநீரகம் இன்னும் கீழே போய்விட்டது. இளநீர் கூடாது, வாழைப்பழம் கூடாது, தண்ணீர் கூட அளந்துதான். அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நான் வீட்டுக்கு வந்து, மிச்சச் சிரப்பைச் சாக்கடையில் ஊற்றி, பாட்டிலைத் தறிக்கூடத்தில் கழிவு நூல் மூட்டைக்குள் திணித்து அனுப்பினேன்.

இப்போது நான் ஒழுங்காக மருந்து சாப்பிடுகிறேன். அளந்து, தண்ணீரில் கலந்து, சாப்பாட்டுக்குப் பிறகு. ரத்தம் கொடுக்கக் கூப்பிட்டால் உடனே கையை நீட்டுகிறேன். தாள் சொல்வதைத் தாளுக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன். என்ன புண்ணியம்? நீங்களாவது கேளுங்கள்: ஒருவர் பாட்டிலை இன்னொருவருக்குச் சாய்க்காதீர்கள். கொதிப்பு மாத்திரையோ, சிறுநீரகக் கோளாறோ இருந்தால் கேட்காமல் ஒரு சொட்டும் வேண்டாம். தவறிக் கொடுத்துவிட்டால், டாக்டர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். கேட்ட பிறகும் சொல்லாதவனாக மட்டும் ஆகிவிடாதீர்கள்!

தங்கமணி இன்றும் வருகிறாள். அக்காவை விட முடியுமா? ஆனால் வெறுங்கையோடு வருகிறாள். ஒரு சீப்பு வாழைப்பழம், ஒரு முழம் பூ... எதுவும் கிடையாது. வந்ததும் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்கிறாள். எங்கள் வீட்டு அடுப்படிப் பக்கம் போவதே இல்லை. என்னை மாமா என்று கூப்பிடுவதையும் விட்டுவிட்டாள். அந்தக் கைகளைப் பார்க்கும்போதெல்லாம் எழுந்து தறிக்கூடத்துக்குப் போய்விடுகிறேன்.

சரஸ்வதி? அவளுக்குத் தெரியுமா? அதுதான் எனக்குத் தெரியவில்லை. கரித்த இளநீரை அவள் மறந்திருப்பாளா? உலகத்தையே சந்தேகப்பட்டவன், இந்த ஒரு சந்தேகத்தை மட்டும் கேட்டுத் தீர்த்துக்கொள்ளப் பயப்படுகிறேன். அவளுடைய மாத்திரைகள் இப்போது பீரோவுக்குள் இருக்கின்றன. சாவி அவள் இடுப்பில் இருக்கிறது.

சாயங்கால மாத்திரைக்கு நான்தான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். வெறும் தண்ணீர். அவள் டம்ளரை வாங்குகிறாள், உள்ளே பார்க்கிறாள், திருப்பி என்னிடமே நீட்டுகிறாள்.

"நீங்க மொதல்ல ஒரு வாய் குடிங்க" என்கிறாள். "உங்களோட இத்தன வருசம் இருந்து எனக்கும் தொத்திக்கிச்சுங்க."

சிரித்துக்கொண்டேதான் சொல்கிறாள்.

நான் குடிக்கிறேன். அது என் தொண்டையில் இறங்கி முடிகிற வரைக்கும் அவள் பார்த்துக்கொண்டே இருக்கிறாள்.