ரெஃப்ரியை அறைந்தவர் எங்கள் கோச்

கல்லூரியில் விளையாட்டு ஆசிரியர் வேலை என்பது, ஜெயித்தால் மேடையில் கடைசி வரிசை, தோற்றால் பிரின்சிபால் அறையில் முதல் ஆள். கழுத்தில் விசில் மாட்டிய சக பாவிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எங்கள் கள்ளக்குறிச்சிக் கல்லூரி ஃபுட்பால் டீம் வருஷா வருஷம் முதல் மேட்சிலேயே மூட்டை கட்டும். "இந்தத் தடவையும் தோத்தா கிரவுண்டு பஸ் ஷெட் ஆயிடும்" என்று தாளாளர் சொல்லிவிட்டார். ஷெட் வந்தால் எனக்கு அங்கே என்ன வேலை, டயருக்குக் காற்று பிடிப்பதா?

இன்டர்வியூ

எங்கள் சம்பளத்துக்கு வரச் சம்மதித்த ஒரே கோச் தாஸ். கோலை ஆஃப்சைடு என்று மறுத்த ரெஃப்ரியை அறைந்து, ரெண்டு வருஷம் தடை வாங்கி, அது முடிந்து வந்திருந்தார். ஊரெல்லாம் அந்தப் பேச்சுதான். "இவர் கை நீட்டினா நீங்களும் வூட்டுக்குப் போகணும்" என்று தாளாளர் என்னிடம் சொன்னார். நானும் மண்டையை ஆட்டித் தொலைத்தேன்.

பிறகு அவரே தாஸைப் பார்த்து, "ஒரு ரெஃப்ரியப் போய் அடிக்கலாமா?" என்றார். தாஸ் யோசித்துவிட்டுச் சொன்னார்:

"அது ஆஃப்சைடே இல்லீங்க."

பெற்றோர் சம்மதம்

கோல்கீப்பரின் அப்பா கடைவீதியில் செருப்புக்கடை வைத்திருக்கும் பாய். கோச்சின் பழைய கதையை மறைக்காமல் சொன்னேன். அவர் கஸ்டமருக்கு ஒரு ஜோடியை மாட்டிவிட்டுக்கொண்டே பதில் சொன்னார்.

"அது இன்னா பெரிய விஷயம் சார்? பையன் சாயங்காலம் கல்லாப் பக்கம் வராம இருந்தா செரி."

வெள்ளிமலை பிராக்டிஸ்

டீமில் பாதிப் பேர் மலைப் பையன்கள். சாயங்காலம் பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிடுவார்கள். தாஸ் கோபப்படவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மற்றவர்களையும் கூட்டிக்கொண்டு அவர்கள் ஊரான வெள்ளிமலைக்கே பஸ் ஏறினார். அறுவடை முடிந்த சாமைக்காட்டில் ஆட்டம். பாஸைத் தப்பாகக் கொடுத்தால் பந்து சரிவில் உருண்டு ஓடைக்குப் போகும். கொடுத்தவனே இறங்கி எடுத்து வர வேண்டும்.

மூன்றாவது வாரம் பாஸெல்லாம் காலுக்குக் கால் போனது. எப்படியடா என்று கேப்டனைக் கேட்டேன்.

"கீழ போய்கினு வந்துகினு இருக்கறதுக்கு, ஒழுங்கா குடுக்கறதே ஈஸி சார்."

பஸ்ஸுக்குள் கோச்

விழுப்புரத்தில் முதல் மேட்ச். பார்க்கத் தாளாளரும் எங்களோடு வந்திருந்தார். தாஸ் அவராகவே காலேஜ் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, டிரைவரிடம் கதவைச் சாத்தச் சொன்னார். ஜன்னல் வழியாகத்தான் கத்தல். கடைசி நிமிஷம் வரை ரெண்டு பக்கமும் கோல் இல்லை. அப்போது எங்கள் பையன் நெஞ்சில் பட்ட பந்தைக் கையில் பட்டதென்று ரெஃப்ரி பெனால்டி கொடுத்தார். கோல் ஆனது. விசில் ஊதி ஆட்டமும் முடிந்தது.

டிரைவர் சீட் வழியாகத் தாஸ் குதித்தார். என் வேலை போச்சு என்று பின்னால் ஓடினேன். ஆனால் எங்களுக்கு முன்னால் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு தாளாளர் ஓடிக்கொண்டிருந்தார். ரெஃப்ரி மேல் அவர் ஓங்கிய கையைப் பிடித்து, இடுப்போடு கட்டித் தூக்கினார் தாஸ்.

"வேணாம் சார்! ரெண்டு வருஷம் வூட்லயே குந்திக்கினு இருக்கணும், பேஜாரு சார்!"

திரும்பும் வழி

பஸ் எலவனாசூர்கோட்டையைத் தாண்டியது. கிரவுண்டு போனது என்றே நான் முடிவு கட்டிவிட்டேன். தாளாளர் முன் சீட்டிலிருந்து திரும்பினார்.

"ஷெட்டுக்கு வேற எடம் பாக்கலாம். அடுத்த வருஷமும் அந்த ரெஃப்ரிதானே வருவான்?"

ஆக, கிரவுண்டும் தப்பியது, என் வேலையும் தப்பியது. அடுத்த வருஷம் பஸ்ஸுக்குள் வைத்துக் கதவைச் சாத்த வேண்டிய ஆள் மட்டும் மாறியிருக்கிறார்.