பக்கத்து வீட்டுக் கரண்ட்

கடியப்பட்டணம் பக்கம் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் நான் நர்ஸ். புதிய கம்ப்யூட்டர்களுக்காக அன்று கட்டடம் முழுவதும் வயரிங் மாற்றிக்கொண்டிருந்தார்கள். கரண்ட் இல்லை. அந்த நேரத்தில் மூச்சுத் திணறும் மகளைத் தூக்கிக்கொண்டு ஒரு தாய் ஓடிவந்தார். மருந்தை ஆவியாக்கிக் கொடுக்கும் மிஷின் கரண்ட் இல்லாமல் ஓடாது. மிஷினைப் பார்த்தபடி ஜன்னலருகே நின்றேன்.

பக்கத்து வீட்டுத் தையல்கார அக்கா ஜன்னல் வழியே சத்தம் போட்டார்.

"ஏட்டி, என்ன நிக்க? மிஷின எடுத்துட்டு இஞ்ச வா!"

தன் தையல் மிஷின் பிளக்கைப் பிடுங்கி எங்களுக்கு இடம் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் குழந்தையின் மூச்சு சீரானது. தாய் அப்போதுதான் அழுதார்.

திரும்பியதும் எலக்ட்ரீஷியனிடம் சொன்னேன்: "அண்ணாச்சி, இனி ஒவ்வொரு அறையா மாத்துங்க. சிகிச்சை அறையில கரண்ட் நிக்கப்பிடாது."

"வேலை இழுக்குமே, சிஸ்டர்."

"இழுக்கட்டும்."

இழுக்கத்தான் செய்தது. ஆனால் அந்த நாட்களில் ஒரு நோயாளியைக்கூட நாங்கள் திருப்பி அனுப்பவில்லை.