பட்டிக்கு முன் வைத்த பொட்டு

டிங்கர் பாயை நினைத்தாலே, வெறும் தகரத்தில் அம்மா வைத்த சந்தனப் பொட்டுகள்தான் முதலில் கண்ணில் வருகின்றன. இப்போது சிரிப்பு வருகிறது. அன்று சிரிக்கிற நிலையில் யாரும் இல்லை.

அப்பா தஞ்சாவூரில் வாடகைக் கார் ஓட்டியவர். அறுபதாம் கல்யாணத்துக்குத் திருக்கடையூர் போகும் எத்தனையோ தம்பதிகளை அந்த ஒரே காரில் ஏற்றிப்போய், பின்கதவைத் திறந்து இறக்கிவிட்டிருக்கிறார். அவருக்கே அறுபது வந்தபோது கார் துருவேறிக் கொல்லைக் கொட்டகையில் கிடந்தது. "போனா அந்த வண்டியிலதான் போகணும்" என்று ஒற்றைக்காலில் நின்றார். ஆசையைக் கெடுப்பானேன் என்று, நசுங்கிய காரைத் தட்டிச் சீராக்குபவரும் என் வயதுக்காரருமான டிங்கர் பாயை வீட்டுக்கே அழைத்து வந்தேன்.

காரின் பள்ளங்களைப் பட்டி போட்டு நிரப்புவதற்கு முன்னால் பாய் படுத்தும் பாடு இருக்கிறதே! பழைய பெயின்டையும் துருவையும் வெள்ளைத் தகரம் தெரியும்வரை சுரண்டுவார். அழகாய் வந்துவிட்ட அந்தத் தகரத்தை முரட்டு எமரித் தாளால் வேண்டுமென்றே கீறுவார். "வழவழன்னு இருந்தா பட்டி பிடிக்காதுங்க" என்பார். தின்னர் தொட்ட துணியால் துடைத்துவிட்டால், அப்புறம் அவரே வெறுங்கையால் தொடமாட்டார்.

விசேஷத்துக்கு ஐந்து நாள்தான் இருந்தது. துடைத்து வைத்துவிட்டுப் பட்டி வாங்கப் போனவரை மழை பிடித்துக்கொண்டது. மறுநாள் காலைதான் வர முடிந்தது. அவர் போன அன்று வெள்ளிக்கிழமை. சாயங்காலம் விளக்கேற்றிய கையோடு கொட்டகைக்குப் போன அம்மா, தேய்த்த குடம்போல மின்னிய காரைப் பார்த்துப் பூரித்து, கதவு கதவாகச் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டாள். எண்ணெய்க் கை, ஈரச் சந்தனம், ஆற்றில் தண்ணீர் ஓடும் மாதத்து ஈரக்காற்று வேறு. விடிந்தால் ஒவ்வொரு பொட்டையும் சுற்றிச் செந்துரு!

"ஐயோ, அபசகுனமாயிடுச்சே! இந்த வண்டி வேணாங்க" என்று அம்மா அழுதாள். அப்பா முகம் செத்துவிட்டது. எனக்கோ அம்மாமேல் கோபம் கோபமாய் வந்தது.

பாய் குந்தி உட்கார்ந்து பார்த்தார். "சகுனமும் இல்ல, ஒண்ணும் இல்லம்மா. வெறுந்தகரத்துக்குத் தண்ணி ஆகாது, அவ்வளவுதான். இந்தாங்க" என்று அம்மா கையிலேயே ஓர் எமரித் தாளைக் கொடுத்தார். மூக்கை உறிஞ்சிக்கொண்டே தேய்க்க ஆரம்பித்தவள், அரைமணி நேரத்தில் அப்பா தேய்ப்பது சரியில்லை என்று குறை சொல்லத் தொடங்கிவிட்டாள். அன்று பொழுது சாய்வதற்குள் பட்டி ஏறிவிட்டது.

திருக்கடையூருக்குப் பாய்தான் ஓட்டினார். அந்தக் காரின் பின்சீட்டில் அப்பா உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. சன்னிதித் தெருவில் வண்டி நின்றதும், பழக்கதோஷத்தில் அம்மாவுக்குக் கதவு திறக்க எழுந்தார். அதற்குள் பாய் ஓடிவந்து கதவைத் திறந்து, "இறங்குங்க மாப்பிள்ளை" என்றார். அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு, ராஜா மாதிரி இறங்கினார்.

இன்றைக்கும் அப்பாவை அந்த வண்டியை ஓட்டச் சொல்லிப் பாருங்கள்! "மாப்பிள்ளை எங்கயாவது வண்டி ஓட்டுவாரா?" என்று பின்சீட்டில் ஏறிக்கொள்கிறார்.